வளைவுக்கு ஒரு பேர்

சுருளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்பம் ஊரிலிருந்து மலைக்கு, ஏலத்தோட்டத்துப் பெண்களைப் பதினேழு வருஷமாக ஜீப்பில் ஏற்றிப்போகிறவன். அவன் ஓட்டும்போது ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பொறுப்பானா? அமலோற்பவம் மூடினாள். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக்கி மூடி என்னவோ முணுமுணுப்பாள். வளைவு தாண்டியதும் ஒன்றும் நடக்காததுபோல வெற்றிலை மடிப்பாள். நேற்று, புதிதாக வந்த பெண் ஒருத்தி அவளைப் பார்த்துப் பயந்து அலறவே, சுருளிக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நாளையில இருந்து வேற ஜீப்பப் பாத்துக்க ஆத்தா. என் கைமேல நம்பிக்கை இல்லாதவுக எனக்கு வேணாம்."

வேறு ஜீப்பில் இடம் கிடைக்காது. இடம் இல்லையென்றால் வேலையும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். அவள் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

இன்று காலை அவள் இடம் காலி. ஆனால் முதல் வளைவில் கண்ணாடியைப் பார்த்தால், அவள் பக்கத்து வீட்டு முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்! இரண்டாவது வளைவிலும் அதே கதை.

"ஏ முனீசு, ஒனக்கும் தொத்திக்கிருச்சா?"

"நான் மாத்தாளுண்ணே," என்றாள். தோட்டத்தில் ஒருத்தி வரமுடியாத நாளில் தனக்குப் பதில் மாத்தாள் அனுப்புவது வழக்கம்தான். கண்ணை மூடுவதற்குமா?

"அக்கா வளைவுக்கு ஒரு பேரச் சொல்லி அவுக சாமிகிட்ட வேண்டிக்கிருவாக. மொத வளைவு நம்ம கங்காணிக்கு. ரெண்டாவது, காலொடிஞ்ச தங்கப்பாண்டிக்கு. வெளிய சொல்லாதன்னாக. நாந்தேன் ஓட்டவாயி."

"ஏன், வீட்டுல இருந்து கேட்டா அவுக சாமிக்குக் கேக்காதாக்கும்?"

"நானும் அதத்தேன் கேட்டேன். வீட்டுலயும் கேப்பேன், ஆனா வளைவுல கேக்குறேன்னு சாமிக்கு வாக்குக் குடுத்துட்டேன்னாக."

சுருளி நக்கலாகச் சிரித்தான். "சரி, கடைசி வளைவு யாருக்கு?"

முனீஸ்வரி தயங்கினாள். "ஒங்களுக்குத்தேன். அங்கன ஜீப்பு பள்ளத்துல தொங்குச்சுல்ல, அன்னையிலருந்து. நேத்து அவரு கோவமாப் பேசிட்டாரு, அவரு பேர மட்டும் விட்டுறாதன்னு ரெண்டுதரம் சொல்லிவிட்டாக."

சுருளியின் சிரிப்பு அப்படியே நின்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், விடியக்காலையிலேயே குடித்துவிட்டு வண்டியை எடுத்த நாள் அது. இரண்டு சக்கரம் அந்தரத்தில். உள்ளே பதினான்கு பெண்கள். அதற்குப் பிறகு அவன் சாராயத்தைத் தொட்டதில்லை. என் மனசு இரும்புடா என்று டீக்கடையெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். அந்தப் பதினோரு வருஷமும், ஏறும்போதும் இறங்கும்போதும், ஒருத்தி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனைப் பெற்ற தாய்கூட அப்படிச் செய்திருக்கமாட்டாள். மலைக்குப் பயப்படாதவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பெரிய ஒன்று இத்தனை நாளாகத் தன் வண்டியிலேயே வந்துகொண்டிருந்ததா!

கடைசி வளைவு வந்தது. முனீஸ்வரி கண்ணை மூடினாள். சுருளி பிரேக்கை மிதித்து, அந்த வளைவின் அகலத்திலேயே ஜீப்பைக் கீழே கம்பத்தைப் பார்க்கத் திருப்பினான்.

"அண்ணே, தோட்டம் மேலல்ல இருக்கு!" என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"ஒரு ஆளு கொறையுது," என்றான் சுருளி.