மட்கார்டில் கட்டிய வீடு

"அடுப்படிக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்று அவள் கத்திக் கேட்டாள். டிராக்டர் இரைச்சலில் கத்தினால்தான் பேச்சு.

மத்தியான வெயிலில் வயல் கானலாக மிதந்தது. பின்சக்கரத்தின் மட்கார்டில், கம்பியை ஒரு கையால் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ரோட்டாவேட்டரின் கத்திகள் மண்கட்டிகளை மாவாக்கிக்கொண்டே வந்தன. அவள் புருஷன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தான்.

"தெக்குப் பக்கம். புகை போகணும்ல."

அப்பாடா, முழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இன்னொரு டிரைவர் வேலையை விட்டுப் போனதிலிருந்து இரண்டு ஆள் வேலையும் இவன் தலையில்தான் விழுந்தது. மழைக்குள் சுற்றுவட்டார வயல் எல்லாவற்றையும் உழுதாக வேண்டும். அவன் வந்து படுப்பதும் அவள் எழுப்புவதும் ஒன்றாகவே இருந்தது. ஒருநாள் கண் அசந்து வண்டியை வரப்பில் ஏற்றிவிட்டான். மறுநாளே அவளும் கூட ஏறிக்கொண்டாள். சும்மா கதை சொன்னால் 'ம்' கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவான், அதில் கெட்டிக்காரன். அதனால் கேள்வியாகக் கேட்டாள். இல்லாத வீடு ஒன்றை இருவரும் கட்டத் தொடங்கியது அப்படித்தான். வண்டியில் ஹாரன் கெட்டுப்போனதால் பெண்டாட்டியை ஏற்றியிருக்கிறான் என்று பக்கத்து வயல்காரர்கள் கிண்டலடித்தார்கள்.

வீட்டுக்கு மாடிகூட வந்துவிட்டது. ஆனால் அவளுக்கும்தான் தூக்கம் எங்கே? மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று சுகமாக இருந்தது. கொடியில் இன்னும் நிறைய இடம் இருந்தது.

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தபோதுதான், மட்கார்டிலிருந்து பின்பக்கமாகச் சரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. வண்டி நின்றது. கத்திகள் அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுற்றி ஓய்ந்தன.

வரப்பில் நின்ற முதலாளி பார்த்துவிட்டார். "ஒரு ஆள் உட்கார்ற வண்டிம்மா இது. உள்ள விழுந்திருந்தா கூட்டித்தான் அள்ளணும். இனிமே ஏறக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் கீழே இறங்கி நின்றாள்.

"ஏறலைங்க. இன்னொரு டிரைவரைப் போடுங்க. இவரு தூங்கித் தூங்கி விழுறாருங்க."

"உழவு முடியட்டும், பார்க்கலாம்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"அதான் நீ ஏறாம பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல."

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையிலேயே வெல்டர் வந்து, இரண்டு மட்கார்டிலும் கூர்க்கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்தார். "காக்காகூட உட்கார முடியாது" என்று முதலாளி திருப்தியோடு சொன்னார்.

அவள் வயலின் கோடியில் வரப்போரமாக நின்றுகொண்டாள். வண்டி அவளை நோக்கி வந்து, வரப்பை நெருங்கியதும் திரும்பிப் போகும். திரும்பும் நேரத்தில் தொண்டை கிழியக் கேட்பாள்.

"மாடிப்படிக்குக் கைப்பிடி மரமா, இரும்பா?"

"மரம்" என்று கத்திவிட்டுப் போனான். வண்டி தூரத்தில் சிறுத்து, கானலில் நெளிந்து, மறுபடியும் பெரிதாகி வந்தது.

"வாசல் கிழக்கயா, மேற்கயா?"

அவன் தலையாட்டினான்.

வண்டி திரும்பாமல் நேராக வந்தது. அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். "கிழக்கயா, மேற்கயா? சொல்லுங்க."

அவன் மெல்ல, சம்மதம் சொல்வதுபோல, மறுபடியும் தலையாட்டினான்.