பிளாஸ்டிக் கட்டைவிரல்

உடுத்திவிட வேண்டிய கறுப்புக் கோட்டின் பைகளை அவள் ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தாள். "எதுவும் உள்ள இருக்கக் கூடாதும்மா," என்று சவ வண்டிக்காரர் சொல்லியிருந்தார். ஒரு சீப்பு, மாத்திரைச் சீட்டு, கடைசியாக அந்தப் பிளாஸ்டிக் கட்டைவிரல். அதற்குள் சிவப்புப் பட்டுத்துணி சுருண்டு கிடந்தது.

கணவர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற மறுவாரமே தபாலில் இந்த விரலை வரவழைத்தார். நிஜ விரலின் மேல் மாட்டியதை மூடிய கைக்குள் நைசாகக் கழற்றிவிட்டு, அதற்குள் துணியைத் திணித்து, மறுபடி விரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கையை விரித்தால் துணி மாயம். அக்கம்பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். அவளிடம் மட்டும் பருப்பு வேகவில்லை.

"தெரிஞ்சுதா?" என்பார்.

"தெரிஞ்சுது. விரலையே பாக்கறீங்களே! நீங்க பாத்தா நானும் பாப்பேன்ல?"

நாலு வருடமாக இதே பதில்தான். நேற்றுக் காலை, வருகிற ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு ஒத்திகை என்று கோட்டும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றாள், திரும்பாமலே.

மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

கதவருகே காலடிச் சத்தம். அவசரத்தில் விரலைத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். தொளதொளவென்று இருந்தது. கொழுந்தனார் உள்ளே வந்தார். 'அண்ணன் தொட்ட லிஃப்டே பாதி மாடியில நிக்கும், இதுல மேஜிக் வேறயா' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். இப்போது கண்கள் வீங்கியிருந்தன.

"கோட்டு ரெடியா அண்ணி?"

"கட்டில் மேல இருக்கு."

எடுத்துக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"அந்தத் துணி எங்கதான் போகும் அண்ணி? எத்தனை தடவை கேட்டிருப்பேன், மூச்சு விடலையே மனுஷன். இனிமே நீங்க சொன்னா என்ன?"

"எனக்கும் தெரியாது தம்பி. ஒரு தடவைகூடப் பிடிபடல."

"உங்களுக்குமா?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பார்வையை அவர் முகத்திலேயே வைத்திருந்தாள். அவரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"கெட்டிக்காரன்தான்," என்றார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகும் அவள் விரலைப் பார்க்கவில்லை.