காது எட்டிய வயது

எங்கள் நமலோம்பா அம்மாவுக்கு வருகிற மார்ச்சோடு அறுபது ஆகிறது, ஓய்வு என்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த அன்று, ஆத்திரத்தில் நான் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சோளமாவுக் கஞ்சி கிண்டுகிறவள் நான். பெயர் எஸ்னாத். அம்மா இங்கே இருபத்தாறு வருஷமாகத் தலைமையாசிரியை.

"அறுபதா? எந்தக் கண்ணில்லாதவன் எழுதினான்? அம்மாவுக்கு அம்பத்தெட்டுதான்!" என்று அகப்பையோடு ஆபீசுக்குள் நுழைந்தேன். கடிதம் கொண்டுவந்த அதிகாரி ஜஃபாலி சின்னப் பையன். பாவம், நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார்.

எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் யாருக்குப் பிறந்த தேதி தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஆறு வயது, பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே கை நீளம். நாலு வயதிலேயே தொட்டுவிட்டார். வாத்தியாரும் ஆறு என்று எழுதி, தோன்றியபடி மார்ச் ஒன்று என்று தேதியும் போட்டுவிட்டார். அந்தத் தேதிதான் இப்போது அம்மாவை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது.

"வழி இருக்கும்மா," என்றார் ஜஃபாலி. அவருக்கும் அம்மாமேல் பிரியம்தான். "ஊர்ப் பெரியவங்க மூணு பேர் வந்து, இன்ன வருஷம்தான் பொறந்தாங்கன்னு கையெழுத்துப் போடட்டும். தேதியை மாத்திடலாம். இன்னும் ரெண்டு வருஷம் நீங்களே இருக்கலாம்."

அந்த இரண்டு வருஷம் எனக்கு உயிர். என் மகள் மடாலோவுக்குப் பதினாறு வயது, தாமதமாகச் சேர்ந்ததால் இப்போதுதான் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஏரிக்கரை மீன் வியாபாரி ஒருவன் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்களில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது தாய்மாமன் பாடு, பெற்றவள் பேச்சு எடுபடாது. என் அண்ணன் லெவிசன் பேசி முடித்தேவிட்டான். அதைத் தடுத்தது அம்மாவின் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான். "பதினெட்டு முடியலை லெவிசன். பாருங்க, நான் எழுதின தேதி," என்று விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். ஊர்த் தலைவரும் சரி, போலீசும் சரி, அந்தப் புத்தகத்தைத்தான் நம்புவார்கள். அம்மா போய்விட்டால் அந்தப் பக்கத்தில் விரல் வைக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே நானே வெயிலில் அலைந்து இரண்டு கிழவர்களைப் பிடித்தேன். மூன்றாவது ஆளாக, கூப்பிடாமலேயே, இஸ்திரி போட்ட சட்டையோடு என் அண்ணன் வந்து நின்றான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ரத்த பாசம் என்று நினைத்தேன், மடச்சி.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆபீசில் உட்கார்ந்தோம். மூத்த கிழவர் மெத்தூசெலா, "வெள்ளம் வந்து ஆத்துப் பாலத்தை அடிச்சிட்டுப் போன வருஷம்தான் இது பொறந்துச்சு. பெயர் வெச்ச அன்னைக்கு ஆட்டுக்கறி தின்னேன், ருசி இன்னும் நாக்குல இருக்கு," என்றார். ஜஃபாலி கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக ஐம்பத்தெட்டு.

"பாத்தீங்களா!" என்று துள்ளினேன்.

அண்ணன் பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "உங்களுக்கு நாங்க ரெண்டு வருஷம் குறைக்கிறோம். நீங்க எங்க மடாலோவுக்கு ரெண்டு வருஷம் கூட்டிடுங்க. அதுக்கும் மூணு பெருசு ரெடியா இருக்கு. நமக்குள்ள என்னம்மா!"

கிழவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணன் எதற்கு வந்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு எஸ்னாத். இவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தது நீதானே. கையெழுத்துப் போடட்டுமா?"

மெத்தூசெலா சொன்னது சத்தியம். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டுதான். ஆனால் ஆசிரியர் தேதியும் பிள்ளைகள் தேதியும் சேர்ந்து இருக்கிற இந்தப் புத்தகத்தில் ஒரு தேதியைத் திருத்தினால் அப்புறம் எந்தத் தேதி நிற்கும்? பெற்ற பிள்ளையை நினைத்துக்கொண்டு சொன்னேன்:

"வேண்டாம்மா. நீங்க போயிடுங்க."

"அதான் சரி," என்று அம்மா, அண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். ஆசிரியர் பக்கத்தில் தன் பெயருக்கு நேராக, பிறந்த தேதி மார்ச் ஒன்று, மாற்றக் கேட்டும் மாற்றவில்லை, ஓய்வு மார்ச் ஒன்று என்று நிறுத்தி எழுதினார். பிறகு மடாலோ பக்கத்தைத் திருப்பினார். "இன்னும் ஒரு வருஷம் அஞ்சு மாசம் இருக்கு, லெவிசன். அது முடிஞ்சதும் வாங்க. வந்து அவளையே கேளுங்க."

மார்ச் ஒன்று அன்று பிள்ளைகள் பாட, அம்மா வாசல்வரை நடந்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அம்மா நின்று, வலது கையைத் தலைக்கு மேலே போட்டார். காதையும் தாண்டித் தாடையைத் தொட்டது.

"எட்டுதுடி! மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துப்பாங்களா?"

"குரங்குக்கு எல்லாம் இங்க இடமில்லை, போங்க!" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. அண்ணன் அதே இஸ்திரிச் சட்டையில் புதுத் தலைமையாசிரியர் முன்னால் போய் உட்கார்ந்தான், கூட இரண்டு கிழவர்கள். ஜன்னலுக்கு வெளியே கஞ்சிப் பானையோடு நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புதியவர் வெளியூர்க்காரர், இவர்கள் யாரென்றே தெரியாது. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். மடாலோ பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆசிரியர் பக்கத்தைத் திருப்பி அண்ணன் முன்னால் வைத்தார்.

"இந்தம்மாவுக்கே மாத்தலையாம். உங்க பொண்ணுக்கு எப்படிங்க மாத்தறது?"

அண்ணன் அம்மா எழுதியிருந்த வரியைப் படித்தான். அப்புறம் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். நான் மணி அடித்து, பிள்ளைகளைக் கஞ்சிக்குக் கூப்பிட்டேன். மடாலோ வரிசையில் நாலாவதாக நின்றாள்.