மீன் இல்லாத குளத்துக்கு வலை

குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் குளத்துக்கு வலை போடும் நாள். அது நைஜல் போட்ட சட்டம். அக்டோபர் கடைசியில் பக்கத்து வீட்டு சிகமோர் மரம் இருக்கிற இலையையெல்லாம் எங்கள் பக்கம் கொட்டும். இலை குளத்தில் விழுந்து அடியில் அழுகும். குளிர்காலத்தில் மேலே பனி இறுகிவிட்டால் அழுகின காற்று வெளியே போக வழியில்லாமல் மீன்கள் செத்துப்போகும். இதை அவன் எனக்கு இருபத்தெட்டு வருஷம் சொன்னான், ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை சொல்வதுபோல.

இப்போது அவன் என் கணவன் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் டெனிஸ் என்பவளோடு போய்விட்டான். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தவள். ஒரு கடைவாய்ப் பல்லுக்காக ஒரு வருஷம் முழுக்க வைத்தியம் நடந்தது, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். டெனிஸின் வீடு இரண்டாவது மாடியில். அதன் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவதாக ஒரு பூந்தொட்டி வைக்க இடமில்லை. அதனால் மீன்கள் என்னோடு தங்கிவிட்டன. கோய் என்கிற ஜப்பானிய அழகு மீன்கள் ஆறு, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். வெள்ளை உடம்பும் தலையில் மட்டும் சிவப்பு வட்டமுமாக இருந்த பெரியதற்கு பிஷப் என்று பெயர். வீட்டை விட்டுப் போன அன்று என்னிடம் நின்றபடியே விடைபெற்றவன், பிஷப்புக்காகக் குளக்கரையில் மண்டியிட்டான். அவன் கண் கலங்கியதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஆனாலும் வலை போட வந்தான். முதல் வருஷமும் வந்தான், அடுத்த வருஷமும் வந்தான். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குளம் பதினான்கு அடி. ஆளுக்கொரு கரையில் நின்று வலையை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் இலைப் பாரத்தில் தண்ணீருக்குள் போய்விடும். நடுவில் தாங்கலாக எங்கள் மகள் கிளேர் சின்ன வயதில் கடற்கரைக்குக் கொண்டுபோன நீலப் பந்து மிதக்கும். சுற்றிலும் அடிக்கு ஒரு முளை, மொத்தம் நாற்பது. ஒன்று குறைந்தாலும் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவான். இன்னும் இழு, விடாதே, உன் பக்கம் தொய்கிறது பார் என்று அவன் அதட்டுவான். எனக்கென்ன நாலு கையா என்று நான் திருப்பிக் கொடுப்பேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்திருப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மீதி வருஷத்தை ஓட்டினேன்.

இந்த ஜூலையில் கிளேர் போன் செய்து, அப்பாவும் டெனிஸும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள் என்றாள். எட்டுப் பேருக்குத்தான் சாப்பாடாம். நான் வருத்தப்படக் கூடாது என்றுதான் முன்னாடியே சொல்லவில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது. மறு வாரமே லிங்கன் நகரத்துப் பக்கத்தில் மீன் வளர்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, வந்து ஆறையும் அள்ளிக்கொண்டு போங்கள், சும்மாவே தருகிறேன் என்றேன். தொட்டி வைத்த வண்டியோடு வந்தார். பிஷப்தான் கடைசிவரை போக்குக் காட்டிவிட்டுப் பிடிபட்டது. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் எனக்கு ஒரே சந்தோஷம். அதற்கப்புறம்தான் உறைத்தது. மீன் இல்லையென்றால் வலை எதற்கு? வலை இல்லையென்றால் அவன் எதற்கு வருவான்?

அன்றிலிருந்து என் தோட்டத்தில் நானே திருடியானேன். பாசியைக் கொல்லும் விளக்கை அணைத்து வைத்தேன். பதினைந்து நாளில் தண்ணீர் கீரை மசித்தது மாதிரி ஆகிவிட்டது, உள்ளே யானை இருந்தாலும் தெரியாது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிளேரிடம்கூட மூச்சு விடவில்லை. குளிர ஆரம்பித்தால் கோய் எப்படியும் அடியில் போய் அசையாமல் கிடக்கும், யாரும் தேட மாட்டார்கள். செப்டம்பரில் தீனியை மாற்று என்று வழக்கமாகப் போன் செய்கிறவன் இந்தத் தடவை செய்யவில்லை. புது மாப்பிள்ளைக்கு நினைப்பு எங்கே இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவன் வருவான், அரை மணி நேரம் அதட்டுவான், ஒன்றுமில்லாத தண்ணீருக்கு நாற்பது முளை அடித்துவிட்டுப் போவான், நான் குளிர்காலம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரிப்பேன். இதுதான் என் திட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டேன். இஞ்சிக் கேக் செய்து, நல்ல ஸ்வெட்டர் போட்டு, ஒரு மணி நேரம் முன்னாலேயே தயாராகி உட்கார்ந்திருந்தேன். வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்தால் நைஜல் நிற்கிறான். பக்கத்தில் டெனிஸ், விலைச் சீட்டின் பசை இன்னும் போகாத புது ரப்பர் பூட்ஸோடு.

"முழங்கால்ல ஆபரேஷன் ஆச்சாமே, கிளேர் சொன்னா," என்றான் நைஜல். "நீ உட்காரு. அந்தப் பக்கம் டெனிஸ் பிடிச்சுக்குவா."

"ஆபரேஷன் கால்லதான். கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"அடம் பிடிக்காத, கிளெண்டா."

கொட்டகையிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து புல்லில் போட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியை உட்கார வைப்பதுபோல முழங்கையைப் பிடித்து என்னை உட்கார வைத்தான். என் கரையில், இத்தனை வருஷம் என் கால் பட்டுத் தேய்ந்த அந்தத் தட்டைக் கல்லின் மேல், டெனிஸ் போய் நின்றாள். அடுத்த வீட்டுக்காரரின் ஈரத்துணி கைக்கு வந்ததுபோல வலையை விரல் நுனியில் பிடித்தாள். நாலு வருஷத்துக்கு முன் நாரை கிழித்த இடத்தில் தூண்டில் நரம்பால் நான் தைத்த தையல் அவள் கையில் இருந்தது.

அவள் பக்கம் கன்னாபின்னாவென்று தொய்ந்தது. இதோ கத்தப்போகிறான், இதோ கிளெண்டா நீயே வா என்று கூப்பிடப்போகிறான் என்று நாற்காலி விளிம்பில் காத்திருந்தேன். அவன் கத்தவில்லை. பரவாயில்லை, போதும் என்றான் அவளிடம். பச்சைத் தண்ணீரைப் பார்த்தான், விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. முளை அடிக்க ஆரம்பித்தான். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினாறோடு நிறுத்திவிட்டு டப்பாவை மூடினான். பார், பெண்டாட்டி மோகத்தில் கண்ணும் தெரியவில்லை, கணக்கும் மறந்துவிட்டது என்று நினைத்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அவன் டப்பாவைக் கொட்டகையில் வைக்கப் போனான். நான் தேநீர் போட உள்ளே வந்தேன். டெனிஸ் கை கழுவ என் பின்னாலேயே வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டவள், கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள்.

கேட்ட பிறகு யோசிக்கிறேன் என்றேன்.

"மீன் இல்லைங்கறத இனிமே நீங்க கஷ்டப்பட்டு மறைக்க வேண்டாம். அவருக்குத் தெரியும். ஆகஸ்ட்லயே தெரியும்."

ஆகஸ்டில் ஒரு மீன் கண்காட்சிக்குப் போனார்களாம். ஒரு தொட்டியில் பிஷப் இருந்ததாம், யாரோ ஒருவர் பெயர் எழுதின அட்டையோடு. கோய் வளர்க்கிறவர்களுக்கு மனிதர்கள் முகம் மறந்தாலும் மீன் முகம் மறக்காது. இது எனக்குத் தெரியாததா? அவசரத்தில் தோன்றவில்லை. நைஜல் அரை மணி நேரம் தொட்டி முன்னால் நின்றுகொண்டே இருந்தாராம்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "கத்தினானா?" அது ஒன்றைத்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"இல்லவே இல்ல," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "உங்க மேல அவருக்குக் கோபமே கிடையாது. கார்ல வரும்போதுதான் வாயத் திறந்தார். 'பாவம், வருஷத்துல அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு. ஒண்ணும் கேக்காம நாம போய் வலையப் போட்டுட்டு வந்துடலாம்'னார்."

சொல்லிவிட்டு ஈரக்கையால் என் கையைத் தொட்டாள். நல்லவள்தான். கெட்டவளாக இருந்திருந்தால் கொதிக்கிற தேநீரை அவள் புது பூட்ஸில் ஊற்றியிருப்பேன். 'நாம' என்ற அந்த ஒரு சொல் என் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

நைஜல் உள்ளே வந்தான். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து இஞ்சிக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டான். பிறகு, ஒவ்வொரு வருஷமும் சொல்கிற அதே குரலில், மார்ச் வரைக்கும் தீனி போடாதே, தண்ணீர் கொஞ்சம் சூடாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். டெனிஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு இயல்பாகச் சொன்னான்! ஒரு வருஷம் பல்வலி நடித்தவன் என்பதை நான்தான் மறந்துபோயிருந்தேன்.

"பிஷப் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

மூன்றாவது துண்டை வெட்டப் போன கத்தி நின்றது. அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நல்லாருக்கு," என்றான். "இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கு. நல்ல ஆளாப் பார்த்துத்தான் குடுத்திருக்க."

"என்னைத் திட்டு, நைஜல்."

"எதுக்கு?"

"இருபத்திரண்டு வருஷம் நீ வளர்த்தது. உன்னைக் கேக்காம எவனுக்கோ தூக்கிக் குடுத்தேன். உனக்கு வலிக்கணும்னுதான் குடுத்தேன். திட்டு."

கடையில் கீழே விழுந்து அழுகிற யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். என் மேல் கோபப்பட்டு இந்தச் சமையலறையில் தட்டை உடைத்தவன் அவன். தபால்தலை ஒட்ட மறந்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன்.

"விடு, கிளெண்டா," என்றான். "வெறும் மீன்தானே."

 மிச்சக் கேக்கைக் காகிதத்தில் சுற்றி டெனிஸிடம் கொடுத்தேன். வாசலில் நைஜல், அடுத்த வருஷமும் வருகிறோம், முழங்காலைப் பார்த்துக்கொள் என்றான். வர வேண்டாம் என்றேன். சரி என்று உடனே தலையாட்டினான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதை மறைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கார் போனதும் தோட்டத்துக்குப் போனேன். முழங்காலை மடக்க முடியாமல் நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பதினாறுதானே, கால் மணியில் முடிந்துவிட்டது. வலை போடத்தான் இரண்டு பேர் வேண்டும். உருவி எடுக்க நான் ஒருத்தியே போதும். உருவி, அப்படியே குப்பைத் தொட்டியில் அமுக்கினேன். பிறகு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

இருட்டுவதற்குள் சிகமோர் இலை குளத்தை முக்கால்வாசி மூடிவிட்டது. நடுவில் கிளேரின் நீலப் பந்து மட்டும் மிதந்துகொண்டிருந்தது. துடைப்பத்தை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. எதிர்க்கரையிலிருந்து யாராவது தள்ளிவிட்டால்தான் அது என் கைக்கு வரும்.