நான்தான் ஒட்டுனேன்

நனைத்த பஞ்சை அக்காவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் சின்னவள். காலையிலிருந்து கண் திறக்காத அக்கா, ஈரம் பட்ட கூச்சத்தில் விழித்துக்கொண்டவள் போலத் தங்கையைப் பார்த்தாள்.

“அந்த டியூப்ல பேர் ஒட்டுனது நான்தான்.”

சின்னவளுக்குக் கை நின்றுவிட்டது.

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?”

“நான்தான். குட்டிகிட்டயும் சொல்லிட்டேன்.”

குட்டி அக்காவின் ஒரே மகள். பக்கத்து அறையில் தன் அப்பாவோடு உட்கார்ந்து, யாருக்கெல்லாம் தகவல் சொல்வது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளின் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவள். அது தங்களுக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட, வீட்டிலேயே செய்கிற மரபணுப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை அக்காதான் வரவழைத்தாள். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு டியூபில் துப்பினார்கள். எவ்வளவு முக்கியும் எச்சில் ஊறவில்லை. “எலுமிச்சம்பழத்த நெனச்சுக்கோடி” என்றாள் அக்கா. அதற்குச் சிரித்த சிரிப்பில் ஊறிய கொஞ்சமும் வற்றிப்போயிற்று. ஒருவழியாக நிரப்பி, பேர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள்.

அக்காவுக்கு ஒன்றுமில்லை, அம்மாவின் கோளாறு சின்னவளுக்குத்தான் என்று முடிவு வந்தது. ரத்தத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்ற டாக்டரை விட்டுவிட்டு, அப்படிக் கேட்காத டாக்டரிடம் போனாள் சின்னவள். அம்மா கிடந்த கிடையைப் பார்த்தவளுக்குப் பொறுமை ஏது? இரண்டு மார்பையும் சினைப்பையையும் எடுத்துக்கொண்டாள். அக்காதான் குளிப்பாட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். தையல்காரி அல்லவா, தட்டையாகிப்போன மார்புக்குப் பஞ்சு வைத்து உள்ளாடையும் தைத்துக் கொடுத்தாள். “எனக்கு வரவேண்டியதையும் சேத்து நீயே வாங்கிக்கிட்டியேடி” என்று அழுதாள்.

பிறகு கட்டி அக்காவுக்கு வந்தது. தனக்கில்லை என்ற தைரியத்தில் அவள் தாமதமாகத்தான் போனாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவுடைய அதே கோளாறு. டாக்டரம்மா சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உங்க ரெண்டு பேருக்குமே இருந்து, அக்காவோடத மட்டும் அந்த டெஸ்ட் கம்பெனிக்காரங்க கோட்டை விட்டிருக்கலாம்மா. இல்ல, டியூப்ல பேர் மாறியிருக்கலாம். நீங்க ரத்தம் குடுத்தா தெரிஞ்சுடும்.”

சின்னவள் கொடுக்கவில்லை. பேர் மாறியிருந்தால், ஒன்றுமே இல்லாத உடம்பை அவள் அறுத்துக்கொண்டாள் என்றாகும். அறுத்திருந்தால் பிழைத்திருக்கும் உடம்பு கட்டிலில் கிடக்கிறது. தெரிந்துகொண்டு என்ன செய்வது?

அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்தவள் என்ற பேச்சு கிடையாது. இப்போதெல்லாம் வாங்கிக்கொண்டு படி இறங்கியவர்களின் பின்னாலேயே ஓடிப்போய்ப் பையைப் பிரித்துப் பார்க்கிறாள். வீட்டில் குழாயைத் திறந்தால், தண்ணீர்ச் சத்தத்துக்குள் இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

“உன் விரல்ல அன்னைக்குக் கட்டுக்கா” என்றாள் இப்போது. “மெஷின் ஊசி ஏறியிருந்துச்சு. உன்னால ஸ்டிக்கர உரிக்கவே முடியல.”

“எந்த விரல்ல?” அக்கா கையைத் தூக்கப் பார்த்தாள். எல்லா விரலும் ஒன்றுபோல் மெலிந்திருந்தன. “உனக்கு எப்பவுமே ஞாபகம் கம்மிடி.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. சாயங்காலம் மூச்சு நீளமாக ஒரு தடவை இழுத்தது. அடுத்த மூச்சுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

உடுத்திவிடச் சின்னவளும் குட்டியும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா தனக்கென்று தைத்து, ஒருநாளும் போடாத நீலச் சட்டை. இப்போது அதில் இரண்டு அக்கா நுழையலாம் போலிருந்தது. சின்னவள் முதுகுப் பக்கம் துணியைக் கொசுவி ஊக்குக் குத்தினாள்.

“சித்தி, அம்மாதான் அந்தப் பேர ஒட்டுனாங்களாம். சொன்னாங்க. நீங்க அத மனசுல போட்டு வருத்திக்காதீங்க.”

சின்னவள் வாயைத் திறந்தாள். அக்காவின் முகம் அவர்கள் இருவருக்கும் நடுவில், காது கொடுத்துக் கேட்பதைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கி வைத்தாள்.

“ம்” என்றாள்.

“நானும் ரத்தம் குடுத்துப் பாக்கணும். ஆஸ்பத்திரியிலேயே. தனியா போக பயமா இருக்கு. நீங்களும் கூடவே குடுக்கறீங்களா?”

சின்னவள் கழுத்துப் பொத்தானைப் போட்டு முடித்தாள். பிறகு, “குடுக்கறேன்டி” என்றாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், தையல் அறையில் அக்காவின் போன் அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது. வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. சின்னவள் போய் எடுத்து, “யாருங்க?” என்றாள்.

“டெய்லரக்கா, நான்தான், பாப்பா கவுன் குடுத்திருந்தேனே!” என்றது ஒரு பெண் குரல். “அட, குரல் நல்லாத் தெளிஞ்சிருக்கே! போன வாரம் பேசறப்ப பயந்தே போயிட்டேன். இப்ப பரவாயில்லையா உடம்பு?”

மெஷினில், ஊசிக்கு அடியில், கைகள் இன்னும் தைக்காத சின்னக் கவுன் மாட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் அதன் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ம், பரவாயில்ல” என்றாள். “கை மட்டுந்தான் வைக்கணும். நாளன்னைக்கு வாங்க.”