ஒரு நாள் மாத்திரை, இரண்டு நாள் லீவு

நான் முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய் மணிமொழி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நர்சம்மா என்று கேட்டால் என் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். டி.பி. நோயாளியின் கையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவது என் பழக்கமில்லை. என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாக்குக்கு அடியில் ஒளிப்பார்கள், கன்னத்துக்குள் அடக்குவார்கள், ஒருத்தன் மீசைக்குள்ளேயே செருகினான். எல்லோரையும் பிடித்திருக்கிறேன், பலராமன் ஒருவனைத் தவிர.

ஓய்வு பெற்றதும் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் வீடு கட்டி, மாடியை இனியனுக்கு வாடகைக்கு விட்டேன். இருபத்தெட்டு வயசு. பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். கீழ்பென்னாத்தூரில் அவன் அப்பா வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறார். மகன் எப்போது வேலையை விடுவான், மண்டியில் உட்கார வைக்கலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறார். இவனுக்கோ மண்டி என்ற பேச்சை எடுத்தாலே தும்மல் வரும். கம்பெனியும் சும்மா இல்லை. வேலையில் வேகம் போதவில்லை, இருபத்து நாலாம் தேதி காலையில் வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு மணி நேரம் பேசிக் காட்டு, சொதப்பினால் கிளம்பிக்கொள் என்று கெடு வைத்துவிட்டது. வாடகைக்கு வந்த இரண்டாம் மாதமே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டான். நர்ஸிடம் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லுவார்கள், மாத்திரை விஷயத்தைத் தவிர.

போன மாசம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனேன். அவன் கதவு திறந்திருந்தது. அலமாரிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. தேதிகள், ஒரு நாளுக்கு டிக், இரண்டு நாள் காலி, மறுபடி டிக். கீழே நீல மூடி போட்ட டப்பா, அதில் பேர் ஊர் இல்லாத கேப்ஸ்யூல் மாத்திரைகள். பையன் ஏற்கெனவே ஒல்லி. காலையில் இருமுவான். வெளியே தலைகாட்டுவதில்லை. டி.பி.யாக இருக்குமோ என்று நினைத்தேன்.

உள்ளே இருந்த இனியனைக் கூப்பிட்டு இது என்ன மாத்திரை என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

முப்பத்திரண்டு வருஷமாக இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். பிரைவேட்டில் வைத்தியம் பார்ப்பவர்கள் மாத்திரையின் அட்டையை உரித்து இப்படித்தான் வேறு டப்பாவில் போட்டு வைப்பார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவனுக்கும் உயிர் வந்தது. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்காகக் கண்கலங்கி நின்றோம்.

ஆனால் அந்த இடைவெளி என்னை உறுத்தியது. முன்பெல்லாம் டி.பி. மாத்திரையை வாரத்துக்கு மூன்று நாள் கொடுப்போம். பிற்பாடு அரசாங்கமே தினமும் என்று மாற்றிவிட்டது. இன்னும் எந்தப் பழங்கால டாக்டர் நாள் விட்டுக் கொடுக்கிறார் என்று கேட்டேன். பரசுராமன் என்றான். கிரிவலப் பாதையில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பாராம், தாடி வைத்திருப்பாராம். எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு டாக்டர் கிடையாது. தினமும் சாப்பிட்டால் உடம்புக்குப் பழகிப்போய் மருந்து பிடிக்காது, அதனால் இரண்டு நாள் ஓய்வு என்று அந்தத் தாடி சொன்னதாக இவன் எனக்கே பாடம் எடுத்தான்.

மறுநாள் சளி எடுக்கும் டப்பாவோடு போனேன். மாட்டேன் என்றான். அப்பா நம்பர் என்னிடம் இருக்கிறது என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே மினி வேனோடு வந்து இவனையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு மண்டியில் இறக்கிவிடுவார். பேசாமல் காறித் துப்பிக் கொடுத்தான். ஆஸ்பத்திரி லேபில் இருக்கும் பழைய சிநேகிதி மூலம் பரிசோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. ஆக, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். வேலை செய்கிற மருந்தை யாராவது பாதியில் விடுவார்களா?

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு அவன் கீழே வர வேண்டும். இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு மாத்திரை. அப்புறம் நாக்கைத் தூக்க வேண்டும். முதல் நாள் கன்னத்துக்குள் அடக்கப் பார்த்தான். பாவம், யாரிடம்? பிறகு பேரம் பேச ஆரம்பித்தான். வேறொரு முறை இருக்கிறது, நாலு நாள் சாப்பிட்டு மூன்று நாள் விடலாம் என்றான். கிருமிக்குச் சனி ஞாயிறு லீவு கிடையாது என்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது என்று கெஞ்சினான். உடம்பு சொல்லும்போது மட்டும் சாப்பிடுவது என்று கூட ஒரு முறை உண்டாம். உடம்பு சொல்லி யார் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்கள்? இன்டர்நெட்டில் ஆளுக்கு ஒரு அட்டவணை போட்டுச் சண்டை போட்டுக்கொள்கிறார்களாம். எங்கள் துறையில் அப்படிச் சண்டை போட்டிருந்தால் பாதி ஜனம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அவனுக்குப் பலராமனைப் பற்றிச் சொன்னேன். கல் உடைக்கிறவன், இனியன் வயசுதான். அவன் மாத்திரையை விழுங்குவதை நான் பார்த்தேன், நாக்கைத் தூக்கியதையும் பார்த்தேன். நான் தெரு திரும்பியதும் கிணற்றடியில் விரலை விட்டு வாந்தி எடுத்திருக்கிறான். மூன்றாம் மாசம் முடிவதற்குள் செத்துப்போனான். அவன் கார்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் கட்டங்கள் காலி. அதைப் பார்த்த நாளிலிருந்து எந்த அட்டவணையில் காலிக் கட்டத்தைக் கண்டாலும் எனக்குத் தாங்காது. இனியன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

பையனும் தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. இருமல் நின்றது. அட்டவணைக்குப் பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுதினான்: மனம் தெளிவு, வேலை வேகம், மலை இன்று மிகப் பச்சை. முந்தின நாள் மழை பெய்தால் மலை பச்சையாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். நோயாளியின் உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

இருபத்து நாலாம் தேதி காலையில் அவன் காலி டப்பாவோடு வந்தான். மூன்று மாசத்துக்கு வரவேண்டியது ஒரே மாசத்தில் தீர்ந்துவிட்டது. பரசுராமனைத் தேடி மூன்று தடவை போனானாம், வடநாட்டு யாத்திரைக்குப் போய்விட்டாராம்.

"எனக்கு டி.பி. எல்லாம் இல்ல ஆன்ட்டி. இது காளான். போதைக் காளான். துளித்துளியா எடுத்தா மூளை நல்லா ஓடும்னாங்க. போலீஸ்ல மாட்டினா ஜெயிலு. இன்னிக்கு இது இல்லாம என்னால பேச முடியாது."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது, ஐம்பது முட்டை போன கோபமும் அதில் சேர்த்தி. ஆனால் அதைவிடப் பெரிசாக வந்தது பயம். எந்த மாத்திரை என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு பிள்ளையைத் தினமும் மிரட்டி விழுங்க வைத்திருக்கிறேன். அவன் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னான். நர்ஸாம் நர்ஸ். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டப்பாவை வாங்கி மோந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த நீல மூடியைச் சரியாகப் பார்த்தேன். என் சமையலறையிலும் அதே டப்பா இருக்கிறது. பச்சையம்மாள் கொடுத்தது. என் பழைய நோயாளி, ஆறு மாசமும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவள். இப்போது மகளிர் குழுவில் சிப்பிக் காளான் வளர்க்கிறாள். விற்காததைக் காயவைத்து அரைத்து சூப் பொடியாக்கி அடைத்துத் தருவாள். உடனே அவளுக்குப் போன் போட்டேன். தாடி வைத்த பரசுராமனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"அந்த சாமியாரா? தெரியாம இன்னா நர்சம்மா. மாசத்துக்கு ரெண்டு கிலோ பொடி நம்மகிட்டதான் வாங்குவாரு. சூப்பு ஜாஸ்தி குடிப்பாரு போலக்குதுன்னு நெனச்சிக்கினேன். ஏன், பொடி எதுனா கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை தாயி என்று சொல்லி வைத்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

மணி எட்டரை. ஒன்பதரைக்கு அவன் பேச வேண்டும். என் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை பொடியைக் காலி கேப்ஸ்யூல் கூட்டில் அடைத்து, அலமாரிச் சந்தில் ஒன்று கிடைத்தது என்று கொடுத்திருக்கலாம். நம்பி விழுங்கியிருப்பான், நன்றாகப் பேசியும் இருப்பான். எனக்குக் கை வரவில்லை. பொய் சொல்லி ஒரு மாத்திரையும் நான் கொடுத்ததில்லை. மிளகு தட்டிப் போட்டு அந்தப் பொடியில் சூப் வைத்தேன். அவன் முன்னால் வைத்து, பச்சையம்மாள் சொன்னதைச் சொன்னேன்.

"இதைத்தான் இத்தினி நாளா நீ முழுங்கினது. சிப்பிக் காளான். நாங்க குழம்பு வைக்கிறது."

டம்ளரை எடுத்து மோந்து பார்த்தான்.

"அப்போ அந்தத் தெளிவு, ஆன்ட்டி?"

"அது முட்டைப்பா."

சிரிப்பான் என்று நினைத்தேன். அழுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தான், உப்பு கம்மி என்றான், மாடிக்குப் போனான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். அவன் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நடுவில் நிற்கவில்லை. ஒரு இடத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். இறங்கி வந்து, இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். மண்டி ஆறு மாசம் தள்ளிப்போனது.

அன்று மாலையே வாடகைக்காரனை இனி அவன் பாட்டுக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை முட்டையை அடுப்பில் வைக்கவில்லை. ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம். இனியன் அந்த அட்டவணையைக் கிழித்து எடுத்து வந்திருந்தான். மாத்திரை என்ற இடத்தை அடித்து, முட்டை என்று எழுதியிருந்தான். கீழே புதுசாகத் தினமும் ஒரு கட்டம், இடையில் லீவு இல்லை.

அவசர அவசரமாக இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். மேலே, கீழே, இரண்டு கன்னமும் நன்றாகப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.