பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவின் தலைமாட்டு விளக்கில் லோகேஸ்வரி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் வாசல் பந்தலில், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் மேல் இருந்தது. துக்க வீட்டுக்கு வரும் சீனர்களை அவளுக்குத் தெரியும். வருவார்கள், பெட்டிக்கு முன்னால் நின்று குனிவார்கள், பணம் வைத்த வெள்ளை உறையைக் கொடுப்பார்கள், பாக்கெட் பானம் ஒன்றைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் விடிந்ததும் வந்தவர். குனியவும் இல்லை, உறை கொடுக்கவும் இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எண்ணெய் வழிந்து தட்டில் இறங்கிய பிறகுதான் அவள் கையை நிறுத்தினாள்.

லோகேஸ்வரி கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், ஒரு காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் தலை நரைத்தவள். ஒருவர் செத்தால் எங்கிருந்தெல்லாம் உறவு முளைக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சந்தேகப்படுவது அவளுக்கு வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்றி ஆணியில் மாட்ட அவளுக்குத் தெரியவில்லை. இந்தக் குணத்தைத் தாங்க முடியாமல்தான் புருஷன் போய்விட்டான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். போனவன் எங்கே போனான், யாரோடு இருக்கிறான் என்பதையும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

பெட்டிக்குள் கிடந்த பவுனம்மாள் சீனத்தி என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முகமே சொல்லிவிடும். அந்தக் காலத்தில் வளர்க்க முடியாத பெண் குழந்தைகளைச் சீனக் குடும்பங்கள் தமிழர் வீடுகளில் கொடுப்பது உண்டு. துறைமுக ரயில் பாதையில் வேலை பார்த்த பழனியப்பனும், பிள்ளை இல்லாத அவர் மனைவியும் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம், தமிழ்க் கல்யாணம், தைப்பூசத்துக்குப் பால்குடம் என்று அம்மா வளர்ந்தாள், வாழ்ந்தாள். பாசாரில் மீன்காரன் ஹொக்கியன் சீனத்தில் பேச்சுக் கொடுத்தால் சுத்தமான தமிழில் திட்டிவிட்டு வருவாள்.

லோகேஸ்வரிக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு இருந்தது, அது குடும்ப வரலாறு. அப்பா பக்கத்துப் பாட்டன் பூட்டன் எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள், யாருடைய தங்கையை யார் கட்டினார்கள், எந்தக் கிளை சிரம்பானுக்குப் போனது, எந்தக் கிளை குடியில் அழிந்தது என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து, மரம் போல வரைந்து, சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தாள். படத்தில் அப்பா பக்கம் கிளை கிளையாக அடர்ந்திருந்தது. அம்மா பக்கம் பழனியப்பன் என்ற ஒரே பெயர், அதற்கு மேலே வெறும் தாள். அம்மாவைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. "குடுத்தவங்க பேரையா காதுல சொல்லி அனுப்பினாங்க?" என்று சொல்லி அம்மா எழுந்து போய்விடுவாள்.

எதிர்வீட்டு மலர் தட்டில் தேநீர் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் பால் தேநீர். சீனக் கிழவருக்கு மட்டும் தனியாக ஒரு கிளாஸில் கறுப்புக் காபி. அவர் கேட்கவும் இல்லை, அவள் சர்க்கரை போடவா என்று விசாரிக்கவும் இல்லை. அவர் வாங்கி ஊதிக் குடித்தார்.

லோகேஸ்வரி மலரைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். யார் அந்த ஆள் என்று கேட்டாள். மலர் முதலில் தெரியாது என்றாள், பிறகு பார்த்த முகம் மாதிரி இருக்கிறது என்றாள். லோகேஸ்வரி ஒன்றும் பேசாமல் நின்றாள். அலுவலகத்தில் இந்த முறையில் எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறாள். மலர் கொஞ்ச நேரம்தான் தாங்கினாள்.

லோகேஸ்வரி வேலைக்குப் போன பிறகு, அவர் புதன்கிழமைகளில் வருவாராம். அப்பா செத்ததிலிருந்தே வருகிறாராம். மோட்டார் சைக்கிளை மலர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இந்த வீட்டுக்கு வந்து, அம்மாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு மத்தியானத்துக்குள் போய்விடுவாராம்.

"ஆன்டியோட தம்பிக்கா" என்றாள் மலர்.

"தம்பின்னு யாரு சொன்னா?"

"ஆன்டிதான் சொன்னாங்க லா."

"என்ன ஆதாரம்?"

மலர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "காபி குடிக்க வர்றவருகிட்ட என்னக்கா ஆதாரம் கேக்கறது?"

அவருக்குச் செய்தி சொன்னதும் மலர்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் தம்பிக்குச் சொல்லு என்று அம்மா எப்போதோ நம்பர் கொடுத்து வைத்திருந்தாளாம். அதனால் நேற்று ஆம்புலன்ஸ் தெருமுனை தாண்டியதுமே மலர் போன் பண்ணிவிட்டாள். அந்த 'முதலில்' என்ற வார்த்தை லோகேஸ்வரியை எங்கோ தைத்தது. அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது. கோபம்தான் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் கொண்டோ குடியிருப்பிலிருந்து வந்து சேர்ந்திருந்த தன் தம்பி திருச்செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்ட முதல் கேள்வி, வீடு இன்னும் அம்மா பேரில்தானே இருக்கிறது என்பது. அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும் கிழவியிடம் வாரா வாரம் வந்து, உறவு சொல்லி, காபி குடித்து, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் உருகினவர் இன்றைக்கு எதற்குப் பை தூக்கிக்கொண்டு வர வேண்டும்? பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அவளே போய்க் கிழவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவருக்கு நல்ல தமிழ் வந்தது. பக்கத்துப் பண்டமாரானில் டயர் கடை, துறைமுகத்து லோரிக்காரர்கள் எல்லாம் வாடிக்கை, அவர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்றார். பெயர் லிம் கிம் சூன். அக்கா பிறந்தது புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் வீட்டில் இருந்தால் ஆண் குழந்தை தங்காது என்று யாரோ குறி சொன்னவன் பேச்சைக் கேட்டுக் கொடுத்துவிட்டார்களாம். கொடுத்த பிறகு பிறந்தவர் இவர். அவர்களுடைய அம்மா பாசாரில் கீரை விற்றாள். பழனியப்பன் மனைவி வந்தால் எப்போதும் ஒரு கட்டு கூடுதலாகப் போடுவாள், கூட வரும் சின்னப் பெண்ணை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். சாகும்போதுதான் மகனிடம் சொன்னாள்.

எல்லாம் பொருந்தியது. ஊர், வருஷம், வளர்த்தவர் பெயர், எதிலும் ஓட்டை இல்லை. அதனாலேயே லோகேஸ்வரிக்குச் சந்தேகம் கூடியது. நிஜமான சொந்தக்காரன் ரெண்டு தேதியைத் தப்பாகச் சொல்லுவான். மனப்பாடம் பண்ணி வந்தவன்தான் திக்காமல் சொல்லுவான். இது அவள் வேலையில் கண்டது.

"இதையெல்லாம் எங்கம்மா எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள். குறுக்கு விசாரணையாகத்தான் ஆரம்பித்தாள். குரல் பாதியில் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கிழவர் காபி கிளாஸைக் கீழே வைத்தார்.

"நானும் கேட்டேன். அக்கா சொல்லும், எம்பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்கும். இந்த வயசுல எனக்கு ஒரு தம்பி போதும், ஆதாரம் வேணாம்னு சொல்லும்."

அது அம்மாவின் பேச்சுதான். வேறு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. லோகேஸ்வரி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பார்க்காமல் நடந்தாள். அதற்கு நேர் கீழேதான் அம்மாவின் நாற்காலி. வாரா வாரம் அந்தக் கிழவர் எதிரே உட்கார்ந்து, அந்த வெறும் தாளைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடித்திருப்பார். ரெண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தும் இருப்பார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

சடங்கு செய்ய வந்த சிவநேசன் வேலையை ஆரம்பித்தார். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். அடுத்தது கோடி. செத்த பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார் புதுத் துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். பவுனம்மாள் ஊரில் எந்தச் சாவுக்குப் போனாலும் இந்த ஒரு கட்டத்தை மட்டும் முன்னால் நின்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்து, இன்னாருக்கு அண்ணன் பட்டுக் கொண்டுவந்தான், இன்னாருக்கு யாருமே வரவில்லை என்று ஒரு வாரம் பேசுவாள். பழனியப்பன் குடும்பத்தில் ஆள் யாரும் மிச்சம் இல்லாததால், அந்த வரிசையை விட்டுவிடச் சொல்லி லோகேஸ்வரி காலையிலேயே சிவநேசனிடம் சொல்லியிருந்தாள். அவர் வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"பொறந்த வீட்டுக் கோடி இருக்கா?"

கிழவர் எழுந்தார். பையோடு பந்தலைத் தாண்டி, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திருச்செல்வம் குறுக்கே நின்று, "அங்கிள், ஒரு நிமிஷம்" என்றான். அவர் பையை அவனிடமே கொடுத்தார். உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு சேலை இருந்தது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஏதோ ஒரு கடையின் மடிப்பு கலையாமல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. திருச்செல்வம் பையைக் குலுக்கிக்கூடப் பார்த்தான்.

சேலையை அவர் உடனே போர்த்தவில்லை. பெட்டியருகே குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். காது மடலைத் தொட்டு, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். கழுத்துச் சேலையை விலக்கினார். காதில் தோடு இருந்தது, கழுத்தில் சங்கிலி இருந்தது. லோகேஸ்வரி பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன தேடறீங்க?"

அவர் கையை உதறவில்லை. அவளை ஏறிட்டுப் பார்த்தார். காலையிலிருந்து அவள் அவரைப் பார்த்த பார்வைதான் அது. இத்தனை வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களை அவள் பார்த்த பார்வையும் அதுதான். அதை எதிரே இருந்து வாங்குவது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"எங்க ஆளுங்க வழக்கம் இது" என்றார். "கட்டிக்குடுத்த பொண்ணு செத்தா, பொறந்த வீட்டு ஆளு வந்து ஒடம்பைப் பாக்கணும். அடி இருக்கா, காயம் இருக்கா, நல்லா வெச்சிருந்தாங்களான்னு பாக்கணும். பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பெட்டி மூடுவாங்க. எங்க வீட்டுல இன்னும் இருக்கறது நான் ஒருத்தன்தான்."

லோகேஸ்வரி பிடியை விட்டாள். வீட்டுக்காக வந்தவர் இல்லை, நகைக்காகவும் இல்லை. அவர் சந்தேகப்பட வந்தவர். அம்மாவுக்காக இவளைச் சந்தேகப்பட ஒரு ஆள் பண்டமாரானிலிருந்து வந்திருக்கிறார்.

கிழவர் அம்மாவின் வலது கையை எடுத்தார், விரல்களைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், வைத்தார். இடது கையை எடுத்துத் திருப்பினார். முழங்கைக்குக் கீழே நாலு தடம், கருநீலமாக, வரிசையாக. மறுபக்கம் ஒன்று.

"இது என்ன?"

மலர் பின்னாலிருந்து ஏதோ சொல்ல வந்தாள். லோகேஸ்வரி வேண்டாமென்று தலையசைத்தாள். சொல்ல வேண்டியதை அவளே சொன்னாள். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது குளியலறையில் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தபோது அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சரிந்துகொண்டிருந்தாள். விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கத்தினேன், மலர் வரும்வரைக்கும் விடவில்லை, ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிடுகிற உடம்பு, தொட்டாலே கன்றிவிடும். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. இதே கதையை இதே வரிசையில் எத்தனை மகள்கள் மேசைக்கு எதிரே சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேருடைய காகிதத்தில் அவள் சிவப்பு மையில் சுழித்திருக்கிறாள்.

கிழவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவள் எத்தனையோ பேரிடம் நின்ற அதே மாதிரி.

அவள் அம்மாவின் கையை வாங்கி, தன் விரல்களை ஒவ்வொன்றாக அந்தத் தடங்களின் மேல் வைத்தாள். நாலும் பொருந்தின. கட்டைவிரலும் பொருந்தியது. அடித்து இழுத்த கையாக இருந்தாலும் இப்படித்தான் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவளிடம் வேறு ஆதாரம் இல்லை.

"அக்காவுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்குதுன்னு சொல்லல." "விட்றாத, விட்றாதன்னாங்க."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நேற்றிலிருந்து எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அழுகை அது. திருச்செல்வம் என்ன செய்வதென்று தெரியாமல் காலிப் பையை மடித்துக்கொண்டிருந்தான்.

கிழவர் அவள் விரல்களை எடுத்துவிட்டு, அம்மாவின் கையை மார்பின் மேல் வைத்தார். சேலையை மடிப்புப் பிரித்து உதறினார். ஒற்றை ஆளாகப் போர்த்தியதால் கழுத்துப் பக்கம் சரியாக வந்தது, கால் பக்கம் குறுக்கே போயிற்று. சிவநேசன் ஏதோ முணுமுணுத்துப் பூவைப் போட்டார். மூடியைத் தூக்க ஆட்கள் வந்து நின்றார்கள். வேன்காரர் வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எல்லா உத்தரவும் லோகேஸ்வரியிடமிருந்துதான் போனது என்பதால், சிவநேசன் அவளைப் பார்த்து, மூடலாமா என்று கேட்டார்.

"அவரைக் கேளுங்க" என்றாள்.

கிழவருக்கு அது காதில் விழவில்லை. கால்மாட்டுக்கு நகர்ந்து, குனிந்து, சேலையின் ஓரத்தை இழுத்துப் பாதம் மறையும்படி செருகிக்கொண்டிருந்தார். மூடியைத் தூக்கிய ஆட்கள் அதைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.